ஏறும்போது கேள்வி, இறங்கும்போது பதில்

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். கள்ளக்குறிச்சியில் கிளம்பி, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறி, வெள்ளிமலை போய்த் திரும்புகிற பஸ்ஸில் பதினேழு வருஷம் இருந்தார். மலையில் அவரைக் கண்டக்டர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "கேள்விக்காரரு வண்டி வருது" என்பார்கள்.

வனத்துறை செக்போஸ்ட் தாண்டி முதல் வளைவு வந்ததும் டிக்கெட் மெஷினைத் தோள்பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு, இரண்டு தட்டு கை தட்டுவார். பஸ் அமைதியாகிவிடும். ஒரு கேள்வி கேட்பார். பதிலை இறங்கும்போது, கோமுகி அணை கண்ணில் பட்ட பிறகுதான் சொல்வார். அன்றைக்கே திரும்பாதவர்கள் மறுநாள் யாரையாவது பிடித்துக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். கரியாலூரில் ஒருவர் எங்கும் போக வேண்டிய வேலையே இல்லாமல் ஸ்டாப்பில் வந்து நிற்பாராம். பஸ் நின்றதும் ஜன்னல் வழியாகத் தன் பதிலைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாராம். சரியாகச் சொன்னவர்களுக்கு ஒரு கடலை மிட்டாய்.

"போன்ல பாத்துச் சொல்லிட மாட்டாங்களா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ரெண்டாவது வளைவுல சிக்னல் பூடும். அதான் நமக்கு வசதி" என்று சிரித்தார்.

பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் போண்டா மடித்து வந்த காகிதத்தைக்கூடப் படிக்காமல் எறிய மாட்டார். பழைய பேப்பர் கடையில் போன வருஷத்துப் பொது அறிவுப் புத்தகங்களைப் பொறுக்கிக்கொண்டு வருவார். பிடித்ததையெல்லாம் நீல அட்டை போட்ட நோட்டில் எழுதுவார். கோ-கோ ஆட்டத்தில் துரத்துகிற அணியில் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர்? கூத்தில் திரையை விலக்கிக்கொண்டு முதலில் வருவது யார்? கப்பல் மூழ்கும்போது தந்தியில் எப்படித் தட்டுவார்கள்? கேசட்டுக்கும் பென்சிலுக்கும் என்ன சம்பந்தம்? எழுத்து விளையாட்டு என்றால் அவருக்கு உயிர். "எல்லாரு கையிலயும் இருக்கு. முன்னாலேர்ந்து படிச்சாலும் பின்னாலேர்ந்து படிச்சாலும் ஒண்ணுதான். அது இன்னா?" என்று அவரே எழுதின ஒன்று. விடை கைரேகை. அதைக் கண்டுபிடித்த அன்று சாப்பிடும்போது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சோறு ஆறிப்போனது.

எனக்கு இதிலெல்லாம் ஈடுபாடு இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். காலையில் எழுந்தால் அரிசி, பருப்பு, முட்டை என்றே நாள் ஓடும். கல்யாணமான மூன்றாம் நாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் வந்து உட்கார்ந்து, "கேசட்டு மேல அறுபதுன்னு போட்டிருக்கே, எதுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது. தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது?" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அதுவும் சரிதான்" என்று எழுந்து போனார். அதற்குப் பிறகு வீட்டில் எப்போதாவதுதான் கேட்பார். கேட்டாலும் நான் "உம்" கொட்டுவேன். இருபத்து மூன்று வருஷம் அப்படியே போனது. பெண் பிறந்து, படித்து, சின்னசேலத்தில் கட்டிக்கொடுத்தும் ஆயிற்று.

போன ஐப்பசியில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஏறும்போது அவர் கேட்ட கேள்வி: "பொங்கலுக்கு நம்ம ஊர்ல வெக்கிற போட்டி ஒண்ணு, ஒரு காலத்துல ஒலிம்பிக்ஸ்லயும் இருந்திச்சி. எது?" உறியடி என்று ஒருவர், மாட்டுவண்டி ஓட்டம் என்று இன்னொருவர் என்று பஸ்ஸே இரைச்சலாக இருந்ததாம். இறங்கும்போது கரியாலூர் தாண்டி யாரோ பதில் கேட்டிருக்கிறார். "டேம் வரட்டும்" என்றாராம். அதுதான் அவர் முழுசாகச் சொன்ன கடைசிப் பேச்சு.

டிரைவர் தம்பி அவரோடு ஒன்பது வருஷம் ஓடியவர். மிச்சத்தைப் பிறகு அவர்தான் சொன்னார்.

"ஒரு ஸ்டாப்புல ஆளுங்க எறங்கிட்டாங்க அண்ணி, விசில் வரல. அண்ணே பதில யோசிச்சிக்கினு இருக்காருன்னு நெனச்சேன். ஒரு பொம்பள கத்தினாங்க. திரும்பிப் பாத்தா மெஷினு கீழ கெடக்குது. அண்ணே கடைசி சீட்டு கம்பியப் புடிச்சிக்கினு அப்படியே சாயறாரு."

பிறகு அந்தப் பஸ் எந்த ஸ்டாப்பிலும் நிற்கவில்லை. கச்சிராயபாளையத்தில் இறங்க வேண்டியவர்களே "நிறுத்தாத, போ போ" என்று சொல்லிவிட்டார்களாம். நான் பள்ளிக்கூடத்திலிருந்து சாம்பார் வாசனை போகாத கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, வாசலில் அந்தப் பஸ் நின்றுகொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் ஒருவரும் இறங்கவில்லை. மடியில் மூட்டையோடும் குழந்தையோடும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். எல்லா ஜன்னலிலும் முகம். நான் அவர்களைத் தாண்டித்தான் உள்ளே போனேன்.

உயிர் பிழைத்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிச்சம் இருந்தது. "ரைட்." தண்ணீர் வேண்டுமா என்றால் ரைட். வலிக்கிறதா என்றால் ரைட். பெண் போன் செய்து "அப்பா" என்று அழுதால், அதற்கும் ரைட். சொல்லி முடித்ததும், தான் சொல்ல நினைத்தது அதுவல்ல என்று அவருக்கே தெரியும். கண்ணை மூடிக்கொள்வார்.

"அவருக்கு எல்லாம் புரியுதும்மா" என்றார் டாக்டர். "உள்ள எல்லாம் அப்படியே இருக்கு. வெளிய வர்ற வழிதான் அடைச்சிருக்கு."

இருபது நாள் கழித்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். பெண் பத்து நாள் கூட இருந்துவிட்டு, மாமியார் வீட்டில் கூப்பிடவே போய்விட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து நான்கு பேர் பார்க்க வந்தார்கள். தினை மாவும் ஒரு பாட்டில் தேனும் கொண்டுவந்திருந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பிறகு அவர்களில் மூத்தவர், அவரைச் சிரிக்கவைக்கிற நினைப்பில் கேட்டார்.

"இன்னா அண்ணே, ஒலிம்பிக்ஸ் கேள்வியக் கேட்டுட்டு பதில சொல்லாம வந்துட்டீங்களே. நாங்க நாலு பேரும் நாலு சொல்லிக்கினு அடிச்சிக்கினு இருக்கோம்."

அவர் முகம் மாறியது. இடது கையைத் தூக்கினார். காற்றில் எதையோ கெட்டியாகப் பிடித்து, நெஞ்சுப்பக்கம் இழுத்தார். "ரைட்... ரைட்..."

"எழுந்து உக்காரணுமாம்" என்று இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். அவர் தலையை ஆட்டினார். மறுபடியும் பிடித்து இழுத்தார்.

"இன்னுங் கொஞ்சம் மேல தூக்குப்பா."

தலையணையை நிமிர்த்தி வைத்தார்கள். அவர் விடவில்லை. பக்கத்தில் நின்றவரின் தோள் துண்டைப் பிடித்து இழுத்தார். துண்டு கையோடு வந்தது. அந்த மனிதர் பயந்துபோய்ச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்துவிட்டார்கள். துண்டைப் பிடித்தபடியே என் வீட்டுக்காரர் அழுதார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொள்ள, சத்தம் போட்டு அழுதார். என் மாமியார் செத்தபோதுகூட நான் அவர் அழுது பார்த்ததில்லை.

அவர்களை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

"இனிமே அவரண்ட யாரும் கேள்வி கேக்காதீங்க. அவரால முடியாததக் கேட்டு ஏன் நோவடிக்கிறீங்க? ஒங்க கால்ல வேணா வுழறேன்."

"தப்பா நெனச்சிக்காதக்கா. நாங்க ஆசையாத்தான்..." என்று மூத்தவர் கையெடுத்துக் கும்பிட்டார். டிரைவர் தம்பி வந்தபோதும் சொன்னேன், பஸ்ஸில் வருகிற எல்லாருக்கும் சொல்லிவிடச் சொல்லி. அவர் சொன்ன சொல் தவறாதவர். ஊர் ஊராகச் சொல்லிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து, விடுப்புக்கு ஏதோ ஒரு தாள் தேவைப்பட்டு அவருடைய காக்கிப் பையைக் கவிழ்த்தேன். நீல நோட்டு விழுந்தது. கடைசியாக எழுதியிருந்த பக்கத்தில் அந்த ஒலிம்பிக்ஸ் கேள்வி. அதன் கீழே அவருடைய உருண்டை எழுத்தில் விடை: "கயிறு இழுக்கும் போட்டி. நூறு வருஷத்துக்கு முந்தி எடுத்துவிட்டார்கள்."

நோட்டோடு கட்டில்பக்கம் திரும்பினேன். கட்டிலில் இருந்தபடி அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கயிறா? அன்னிக்கு நீங்க கயிறா இழுத்தீங்க?"

சொன்னார். "ரைட்."

அவ்வளவு நாளில் அந்த வார்த்தை தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கை கால் கழுவிக்கொண்டு, நோட்டை எடுத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. "கேக்கட்டுமா?" என்றேன். "கோ-கோவுல எத்தினி பேரு உக்காந்திருப்பாங்க?" இடது கையின் ஐந்து விரலையும் விரித்தார். மடக்கினார். மூன்றை விரித்தார். எட்டு. நோட்டிலும் எட்டு. நான் சின்னப் பிள்ளைபோலக் கை தட்டினேன்.

அப்படி நாற்பது நாள் நடந்தது. கேசட்டுக்கும் பென்சிலுக்கும் என்ன சம்பந்தம் என்றால், காற்றில் ஒரு பென்சிலைச் செருகிச் சுற்றிக் காட்டுவார். சிக்கிய நாடாவை அப்படித்தான் உள்ளே இழுப்பார்களாம். கப்பல் மூழ்கினால் எப்படித் தட்டுவார்கள் என்றதற்கு, கட்டில் கம்பியில் மோதிர விரலால் மூன்று குட்டைத் தட்டு, மூன்று நீளத் தட்டு, மறுபடி மூன்று குட்டைத் தட்டு. அன்றைக்கு மட்டும் சரியா என்று நான் நோட்டைப் பார்த்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. தட்டிக்கொண்டே இருந்தார். நான் அந்த விரலைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

கூத்தில் முதலில் வருவது யார் என்று கேட்ட நாளை மறக்க முடியாது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கட்டியங்காரன் வருகிற பாட்டைப் பாடினார். முனகல் இல்லை. வார்த்தையோடு, இரண்டு அடி, தாளம் பிசகாமல். நான் ஓடிப்போய்ப் பெண்ணுக்குப் போன் போட்டேன். "ஒங்கப்பா பேசறாருடி!" போனை அவர் வாயருகே பிடித்து, "கட்டியங்காரன்னு சொல்லுங்க" என்றேன். வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. என் பேரையாவது சொல்லச் சொன்னேன். "ரைட்" என்றார். பாட்டு வருகிற வழி வேறு, பேச்சு வருகிற வழி வேறு என்று பிறகு டாக்டர் விளக்கினார்.

எழுத்து விளையாட்டுதான் திரும்பவே இல்லை. சிலேட்டில் கைரேகை என்று பெரிதாக எழுதி அவர் முன் வைத்தேன். விரலை இடமிருந்து வலமாக ஓட்டினார். வலமிருந்து இடமாக ஓட்டினார். தன் உள்ளங்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவரே உண்டாக்கினது அது. அதில் ஓர் எழுத்துகூட அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் கையாலேயே சிலேட்டைத் துடைத்துவிட்டார். அந்தப் பக்கங்களை நான் பிறகு திறக்கவில்லை.

ஆனாலும் சொல்ல வேண்டும். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது அந்த நாற்பது நாளில்தான்.

அந்தத் தைரியத்தில்தான் அவரை மலைக்குக் கூட்டிப் போக நினைத்தேன். அவருடைய பஸ்ஸிலேயே ஒரு நடை போய் வரலாம். டாக்டரும் போகலாம் என்றார். டிரைவர் தம்பி கைத்தாங்கலாக ஏற்றி முன் சீட்டில் உட்காரவைத்தார். கண்டக்டர் புதிது. ஏறினவர்கள் எல்லாரும் என் வீட்டுக்காரர் கையைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்கள். ஆனால் பேசினது என்னிடம். "சாப்புடறாராக்கா?" "தூங்கறாரா?" அவர் தலைக்கு மேலேயே கேள்வியும் பதிலும் போய் வந்தன.

நான் எல்லாரிடமும் என்ன சொல்லிவைத்திருந்தேன் என்பது நினைவில் இல்லாமல் இல்லை. பஸ் ஏறினதும் டிரைவர் தம்பியிடம், இப்போது கேட்கலாம் என்று சொல்லிவிட வேண்டும் என்றிருந்தேன். கூட்டத்தில் அது தள்ளிப்போனது. அவரைப் பார்த்தால் தானாகக் கேட்டுவிடுவார்கள் என்றும் ஒரு நினைப்பு.

செக்போஸ்ட் தாண்டியது. முதல் வளைவு. பஸ் பழக்கத்தில் அமைதியானது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது கையைக் கம்பியில் ஊன்றி உடம்பைத் திருப்பி, பின்னால் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வீட்டுக்கு வந்து தேன் கொடுத்துப்போன மூத்தவரும் இருந்தார். அவர் குனிந்து மடியிலிருந்த பையைச் சரிசெய்தார். ஸ்டாப்பில் நின்று பதில் சொல்கிற கரியாலூர்க்காரரும் அன்றைக்கு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்; அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒரு பெண் குழந்தையின் தலையைத் தடவினாள். எனக்குக் கொடுத்த வாக்கை எல்லாரும் காப்பாற்றினார்கள்.

அவர் காத்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இருந்தது.

நோட்டு என் மடியில், பைக்குள் இருந்தது. திறந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நாற்பது நாளாகக் கேட்டவள்தானே. பையைத் திறக்கவில்லை. பஸ்ஸில் நான் சத்தமாகப் பேசியதே கிடையாது. இத்தனை பேர் முன்னால் அவருக்குப் பதில் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. அடுத்த வளைவில் கேட்கலாம் என்று நினைத்தேன். அடுத்த வளைவில். அதற்கடுத்த வளைவில். வெள்ளிமலை வந்துவிட்டது. இறங்கும்போதும் அப்படியே. அணை வந்தபோது அவர் ஜன்னல்பக்கம் திரும்பியிருந்தார். சிரிப்பு எப்போது போனதென்று நான் கவனிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் நோட்டைத் திறந்தேன். இடது கையை அதன் மேல் வைத்து மூடினார். "ரைட்" என்றார்.

"நான்தாங்க சொன்னேன், ஒங்கள ஒண்ணும் கேக்க வேணாம்னு. அவங்க மேல தப்பு இல்லீங்க. நான்தான்."

கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் புரியும் என்றுதானே டாக்டர் சொன்னார். அப்படியென்றால் இதுவும் புரிந்திருக்கும். கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என் கையை மெதுவாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

டிரைவர் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அன்னிக்கு அவரு சரியாத்தான் பதில் சொல்லிக்கினு இருந்தாரு தம்பி. கயிறு இழுத்துக் காட்டினாரு. நமக்குத்தான் புரியல." அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூத்தவர் கட்டிலருகே குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். "கயிறு இழுக்கறதாமே அண்ணே? நாங்க முட்டாப்பசங்க, ஒங்களப் புடிச்சி இழுத்துட்டோம். வேற ஒண்ணு கேக்கட்டுமா? ஒண்ணே ஒண்ணு." என் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர்கள் சாயங்காலம் வரை இருந்துவிட்டுப் போனார்கள்.

மாசி பிறந்து பத்தாம் நாள், காலையில், நான் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது மறுபடியும் அதே மாதிரி வந்தது. குடத்தை வைத்துவிட்டு உள்ளே போவதற்குள் முடிந்துவிட்டது. எடுக்கும்போது மலையிலிருந்து அவ்வளவு பேர் வந்திருந்தார்கள். எங்கள் தெருவில் நிற்க இடமில்லை.

பெண் சின்னசேலத்துக்கே வந்துவிடச் சொல்கிறாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை தனியாக அந்தப் பஸ்ஸில் வெள்ளிமலை போனேன். பஸ் திரும்பக் கிளம்ப அரை மணி நேரம் இருந்தது. ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த டீக்கடையில் போய் நின்றேன். கடைக்கார அம்மாவுக்கு என்னைத் தெரிந்திருந்தது. எதுவும் கேட்காமல் ஒரு டீ போட்டுக் கொடுத்தாள். வாயில் வைத்தேன். கசந்தது.

"சக்கர போடலியா?"

"அய்யோ, அண்ணன் நெனப்புல போட்டுட்டேன். அவரு சக்கர இல்லாமதானே குடிப்பாரு. இத்தினி வருசத்துல ஒரு நாளும் போட வுட்டதில்ல. குடுங்கக்கா, வேற போட்டுத் தர்றேன்."

வீட்டில் இருபத்து மூன்று வருஷமாக நான் இரண்டு ஸ்பூன் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. விழுந்த பிறகும் அப்படித்தான் போட்டு, ஸ்பூனால் எடுத்து ஊட்டினேன்.

"வேணாம், இதுவே இருக்கட்டும்" என்றேன்.

அந்த அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்து, டம்ளரில் இருந்ததை முழுக்கக் குடித்தேன்.